பதினாறா, இருபத்தைந்தா

மரக்காரர் வீட்டில் கொஞ்ச நாளாக வேறு பேச்சே இல்லை. பதினாறா, இருபத்தைந்தா? காலையில் டீ கொதிக்கிறபோது ஆரம்பித்தால் ராத்திரி பாய் விரிக்கிற வரைக்கும் அதேதான். பக்கத்து வீட்டுக்காரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு, இவர்கள் ஏதோ நகை வாங்கப் போகிறார்கள் என்று தானே முடிவு கட்டி, கடைசியில் பொறுக்க மாட்டாமல் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டே விட்டாள்.

"நகையா? நல்லா கேட்டீங்க போங்க" என்றாள் மரக்காரர் மனைவி. "மரம் அறுக்கிற மிஷின் வாங்கப் போறோம். அதோட பார் பதினாறு இஞ்ச் போதும்னு நான் சொல்றேன். இருபத்தஞ்சு இல்லாம வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்னு அவர் சொல்றார்."

"பார்னா?"

"மிஷினுக்கு முன்னால நீட்டிக்கிட்டு இருக்குமே, நாக்கு மாதிரி ஒரு தகடு. அதைச் சுத்தித்தான் பல்லு வச்ச செயின் ஓடும்."

"ஒரு நாக்கு நீளத்துக்கா இவ்வளவு சண்டை?"

"நீளமான நாக்கு வீட்டுல ஏற்கனவே ஒண்ணு இருக்கு, இன்னொண்ணு எதுக்குன்னு அவர் சொன்னாக்கூட ஒரு நியாயம் இருக்கும். அதுகூடத் தோணல மனுஷனுக்கு."

அவள் நாக்கு நீளம்தான். அதைத் தெருவே சொல்லும். ஆனால் கையும் அதற்குக் குறைவில்லை. மரக்காரர் மிஷினைப் பிடித்து அறுப்பார், மற்றதெல்லாம் அவள். எந்தக் கிளையில் கயிறு கட்டுவது, எந்தப் பக்கம் இழுப்பது, அறுபடுகிற வாய் மூடிக்கொள்ளாமல் எந்த நேரத்தில் ஆப்பு அடிப்பது, விழுந்த கிளைகளை இழுத்து ஓரம் போடுவது, சாயங்காலம் வீட்டுக்கு வந்து அரத்தை எடுத்துச் செயினில் ஒவ்வொரு பல்லாகத் தீட்டுவது. கல்யாணமான புதிதில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் கயிறு பிடிக்க ஆள் வரவில்லை என்று தான் பிடித்தாள். அன்றைக்குப் பிடித்த கயிறு, இன்னும் விடவில்லை. அவளையும் மரக்காரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பழைய மிஷினுக்கு மூச்சு போய்விட்டது. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்ற பிறகுதான் ஓர் உறுமல் வரும். கொஞ்சம் ஓடினால் இரும ஆரம்பிக்கும். மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, பிஸ்டன் முழுக்கக் கோடு விழுந்துவிட்டது என்றும், சின்னச் சின்ன வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இதை நம்பி மரம் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்றும் சொல்லிவிட்டான். அதனால்தான் புது மிஷின் பேச்சு.

பின்கட்டில் உட்கார்ந்து அவள் அரம் போட, அவர் சுவரில் சாய்ந்துகொண்டு வாதாடுவார்.

"குனிஞ்சு குனிஞ்சு அறுத்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு. பார் நீளமா இருந்தா நின்ன மேனிக்குத் தரையில கிடக்கிற மரத்தை அறுத்துக்கிட்டே போகலாம்."

"நின்ன மேனிக்கு அறுக்கலாம். முன்னால பாரம் இழுக்குமே, அதை யார் தூக்குறது? இடுப்பைக் காப்பாத்தப் போய் தோளைக் கழட்டிக்காதீங்க."

"என் தம்பி தூக்கல?"

"உங்க தம்பி ஆனையைத் தூக்குவார். அவர் அறுக்கிறது அடிமரம். ரெண்டு ஆள் கட்டிப் பிடிக்கிற மரம். அதுக்கு இருபத்தஞ்சு வேணும், அந்த நீளத்தை ஓட்டப் பெரிய இன்ஜினும் வேணும். நமக்கு வர்றது என்ன? வீட்டு மேல சாஞ்ச கிளை, விறகு, வேலி ஓரத்து மரம். முக்கால்வாசி ஒரு சாண், ஒண்ணரைச் சாண் தடிமன். மரத்தை விட ரெண்டு இஞ்ச் நீளமா இருந்தாப் போதும் பாருக்கு. எப்பவாவது பெருசு வந்தா அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி அறுத்துக்கலாம்."

"ரெண்டு பக்கம் அறுத்தா ரெண்டு வேலை."

"நீளப் பாருக்குப் பல்லு ஜாஸ்தி. தீட்டுறவ நானு. அதுவும் ரெண்டு வேலைதான், உங்க கணக்குல வரல போல."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு பதில் இருக்கு."

"கேள்வி உங்ககிட்டேருந்துதானே வருது."

இப்படியே போகும். உள்ளதைச் சொன்னால், அவள் இஞ்சுக்காகச் சண்டை போடவில்லை. இஞ்சைப் பற்றிச் சண்டை போடுவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான்.

மழைக்காலம் முடிந்ததிலிருந்தே அவள் அவருடைய கையைக் கவனித்துக்கொண்டு வருகிறாள். காலையில் வலது கை விரல்கள் நுனியிலிருந்து பாதி வரைக்கும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கும். சட்டைப் பொத்தானை ஓட்டைக்குள் தள்ள முடியாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். டீ டம்ளர் இரண்டு தடவை கைநழுவி விழுந்தது. கேட்டால் குளிர் என்பார். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் அவருக்கு மட்டும் குளிர். அவளும் ஒன்றும் கேட்காமல் பொத்தானைப் போட்டுவிட ஆரம்பித்தாள். அவரும் ஒன்றும் சொல்லாமல் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார். வருஷக்கணக்காக மிஷின் பிடித்த கை அந்த அதிர்விலேயே மரத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும். உணர்ச்சி இல்லாத கை மிஷின் பிடித்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவர் மிஷினைக் கீழே வைத்துவிட்டால் இந்த வீடு எதை வைத்து நடக்கும் என்பதுதான் தெரியவில்லை. பயமாக இருந்தது. அதனால் பதினாறா, இருபத்தைந்தா என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. சும்மா இல்லை, ஊரையே புரட்டிப் போட்ட காற்று. விடிந்து பார்த்தால் டீச்சரம்மா வீட்டுக் கொல்லையில் இருந்த தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து, சமையல்கட்டுச் சுவரை ஒட்டிப் படுத்துக்கிடந்தது. ஓடு உடையவில்லை. ஆனால் பின்கதவைத் திறக்க வழியில்லை. டீச்சரம்மா தனியாக இருக்கிறவர். முன்வாசல் வழியாகச் சுற்றி வந்து, மரக்காரர் வீட்டு வாசலில் நின்று, "இன்னைக்கே முடியுமா?" என்று கேட்டார்.

மரக்காரர் உடனே முடியும் என்றார். பழைய மிஷினை நம்பிச் சொல்லவில்லை. தம்பிக்குப் போன் போட்டார். தம்பிக்கு அன்றைக்கு லாரி வரவில்லை, வேலையில்லை. தன்னுடைய பெரிய மிஷினைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"வச்சு அறுத்துப் பாருண்ணே. கைக்குப் பிடிச்சிருந்தா இதே மாதிரி வாங்கு. அண்ணி, இனிமே நீங்க இதைப் பத்திப் பேசவே மாட்டீங்க பாருங்க."

"பேசுறதை நிறுத்துற மிஷின் இன்னும் வரல கொழுந்தனாரே. வந்தா முதல்ல உங்க அண்ணன்தான் வாங்குவார்."

கொழுந்தன் சிரித்துக்கொண்டே டீச்சரம்மா போட்ட டீயைக் குடிக்க முன்பக்கம் போய்விட்டான். மரக்காரர் கண்ணாடியும் காதடைப்பும் மாட்டிக்கொண்டு நுனிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். சும்மா சொல்லக் கூடாது, மிஷின் மிஷின்தான். கிளைகளை வெண்ணெயில் கத்தி வைத்த மாதிரி அறுத்துத் தள்ளியது. குனியாமல், நின்ற மேனிக்கு, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் நடந்தார். நடுவில் அவளைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை ஒரு தடவை உயர்த்தினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிளையை இழுத்தாள்.

சுவரை ஒட்டின இடம் வந்தபோது மிஷினை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

"இங்க பாருங்க. மரத்துக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சாண்தான் இடம். டேங்குலேருந்து குழாய் இறங்குது. பாரோட மூக்கு அந்தப் பக்கம் நீட்டாமப் பார்த்துக்குங்க."

"தெரியும்."

"தெரியும்னுதான் போன தடவை ஆப்பு வைக்காம அறுத்துப் பார் மாட்டிக்கிட்டு, ஆப்பசைச்ச குரங்கு மாதிரி உட்கார்ந்திருந்தீங்க."

"நீ ஆப்பை எடுத்துக்கிட்டு நில்லு. அது போதும்."

மரம் அந்த இடத்தில் ஒன்றரைச் சாண் தடிமன். மிஷினைப் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. மிஷினின் உடம்பு மரத்துப் பட்டையில் போய் முட்டுகிற வரைக்கும் உள்ளே தள்ளி, அங்கே ஊன்றிக்கொண்டு அறுப்பார்கள். பாரம் கையில் ஏறாமல் இருக்க அதுதான் வழி. பழைய மிஷினின் பதினாறு இஞ்ச் பாரில் அப்படி ஊன்றினால் அந்தப் பக்கம் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். இத்தனை வருஷம் அவர் அப்படித்தான் ஊன்றினார். அன்றைக்கும் ஊன்றினார். இருபத்தைந்து இஞ்ச் பார் அந்தப் பக்கம் ஒரு சாணுக்கு மேல் நீட்டிக்கொண்டு போனது.

சந்தில் சிக்கிக்கிடந்த சுள்ளியை எடுக்கக் கையை விட்டிருந்தவள், ஆப்பு வைக்கிற நேரமாச்சே என்று கையை வெளியே எடுத்தாள். அவள் கை இருந்த இடத்தில் மூக்கு வந்து நின்றது. அடுத்த நொடி குழாய் துண்டாகித் தண்ணீர் பீச்சியடித்தது. அதுகூடப் போகட்டும், பிளாஸ்டிக் குழாய், செயின் பட்டது கையில் தெரியாது. மூக்கு அதற்கப்பால் போய்ச் சுவரைத் தொட்டுவிட்டது. சிமெண்டுத் தூள் புகையாகக் கிளம்பியது. செயின் செங்கல்லைச் சுரண்டுகிற சத்தம் அவள் பல்லைக் கூச வைத்தது. அவர் நிறுத்தவில்லை. அறுத்துக்கொண்டேயிருந்தார். தலையைக் குனிந்து, இந்தப் பக்கத்து வெட்டையே பார்த்துக்கொண்டு, நிதானமாக அறுத்துக்கொண்டிருந்தார். அவள் கத்தினாள். காதடைப்பு போட்ட மனிதருக்கு எப்படிக் கேட்கும்? கையிலிருந்த பிளாஸ்டிக் ஆப்பை எடுத்து அவர் நெஞ்சைப் பார்த்து எறிந்தாள். அது போய்ப் பட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்து மிஷினை அணைத்தார்.

தண்ணீர் இருவரையும் நனைத்துக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த கொழுந்தன் முதலில் டேங்குத் திருகை மூடினான். பிறகு குழாயைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், சிரித்தான்.

"பழக்க தோஷம்ண்ணே. பதினாறுல ஊன்றுற மாதிரி இதுல ஊன்றிட்ட. எனக்கும் புதுசுல இப்படித்தான், ஒரு கேட்டையே அறுத்துட்டேன். குழாயை நான் மாத்திக் குடுத்துடறேன், விடு."

"ஆமா, பார் நீளம் ஜாஸ்தி" என்றார் மரக்காரர். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்க்காமல் சொன்னார்: "இவ சொன்னதுதான் சரி. நமக்குப் பதினாறு போதும்."

அவ்வளவு நாள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தி வாங்க முடியாத பதில், ஒரு குழாய் உடைந்ததில் கிடைத்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இல்லை.

இரவல் மிஷினைத் தீட்டித் திருப்பிக் கொடுப்பதுதான் மரியாதை. சாயங்காலம் பின்கட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து செயினைக் கழற்றி மடியில் வைத்தாள். ஒரு பல்லும் மிச்சமில்லை. முனை முழுக்க உருண்டு, கிழவன் வாய் மாதிரி இருந்தது. கல்லில் ஒரு தொடு தொட்டால் செயின் மழுங்கும், சரி. இப்படித் தேயாது. இது நின்று நிதானமாகச் சுவரை அறுத்த செயின்.

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் இருந்தன. தொடவில்லை.

"பதினாறு வாங்குறதுன்னா நாளைக்கே போயிடலாம்" என்றார். "டீச்சரம்மா வீட்டுல மிச்சம் இருக்கிற அடிமரத்தைப் பழசை வச்சே முடிச்சுட்டு, அப்படியே கடைக்குப் போகலாம்."

"போகலாம்."

"என்ன, குரல் இறங்கியிருக்கு. ஜெயிச்சது நீதானே."

அவள் அரத்தைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேட்கிறேன். கோபப்படாமச் சொல்லுங்க. பார் நீளம், ஊன்றினது பழக்கம், எல்லாம் சரி. செயின் செங்கல்லுல ஓடினா மிஷின் எப்படித் துள்ளும்? சும்மா கட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவனுக்கே தோள் வரைக்கும் அடிக்கும். உங்களுக்குத் தெரியலையா?"

அவர் தட்டைப் பார்த்தார். முட்டையை எடுத்து மறுபடி வைத்தார்.

"தெரியல" என்றார்.

"கொஞ்சங்கூடவா?"

"மரத்துக்குள்ள ஓடுற மாதிரியேதான் இருந்தது. எல்லாமே இப்ப ஒரே மாதிரிதான் இருக்கு. மிஷின் ஓடுதா நிக்குதான்னு சத்தத்தை வச்சுத்தான் தெரிஞ்சுக்கிறேன். கையை வச்சு இல்ல."

"எத்தனை நாளா?"

"நாள் பார்த்தா வரும் இதெல்லாம்? வந்துச்சு." தட்டைத் தள்ளி வைத்தார். "உன் கை அங்க இருந்ததாமே. டீச்சரம்மா ஜன்னல் வழியாப் பார்த்திருக்காங்க. என்கிட்ட சொன்னாங்க."

"எடுத்துட்டேனே."

"ஆப்பு வைக்கணும்னு எடுத்த. நான் தெரிஞ்சு நிறுத்தினதால இல்ல."

அழுதுவிடலாம் போலிருந்தது. அரத்தை எடுத்து அடுத்த பல்லில் வைத்தாள்.

"இந்த ஒரு மிஷின்" என்றார். "பதினாறு இஞ்ச், கைக்கு அடங்கினது. பார்த்துப் பார்த்து அறுக்கிறேன். அது தேயற வரைக்கும் ஓட்டிட்டு விட்டுடறேன். வேற என்ன தெரியும் எனக்கு? சொல்லு."

விடுங்கள் என்று சொல்ல வாய் வந்தது. விட்டுவிட்டு என்ன செய்வது என்று அவர் திருப்பிக் கேட்டால்? "சாப்பிடுங்க முதல்ல" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் டீச்சரம்மா வீட்டில் அடிமரம் மட்டும் பாக்கி. வேர்ப்பக்கம் மூன்று சாண் தடிமன் இருக்கும். மரக்காரர் பழைய மிஷினைத் தரையில் வைத்து, காலால் மிதித்துக்கொண்டு, ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கைப்பிடி விரலிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்ப் பட்டென்று மிஷினில் அடித்தது. மறுபடி இழுத்தார். மறுபடி வழுக்கியது. கையை உதறி, வாயால் ஊதி, தொடையில் தேய்த்துவிட்டு இழுத்தார். அப்புறம் போய் வெட்டிப் போட்ட கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

டீச்சரம்மா ஜன்னலில் நின்றுகொண்டிருந்தார். அவள் அங்குமிங்கும் பார்த்தாள். எவ்வளவு நேரம் அப்படி நிற்பது? புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, அவருடைய கண்ணாடியையும் காதடைப்பையும் மாட்டி, கயிற்றை இழுத்தாள். பழைய மிஷின் இருமிவிட்டு ஓடியது. தீட்டின பிறகு செயின் சரியாக இருக்கிறதா என்று பின்கட்டில் விறகு அறுத்துப் பார்க்கிறவள்தான் அவள். சின்ன விறகு. இது அடிமரம்.

மிஷினின் உடம்பைப் பட்டையில் ஊன்றி இந்தப் பக்கத்திலிருந்து பாதி அறுத்தாள். மிஷின் இருமும்போதெல்லாம் நிறுத்தி, விட்டு விட்டு அறுத்தாள். அந்தப் பக்கம் சுற்றிப் போய் மீதியை ஆரம்பித்தபோது வாய் மூடப் பார்த்தது. ஆப்பு வேண்டும். யார் வைப்பது என்று நிமிர்ந்தாள். அவர் ஆப்போடு நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது.

அடித்தார். அவசரப்பட்டு அடித்துவிட்டார். ஆப்பு உள்ளே போய்ச் செயினில் பட்டு, பிளாஸ்டிக் துணுக்கு முகத்தில் தெறித்தது. அவள் மிஷினை அணைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அவரை ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருஷமாக ஆப்பைச் சீக்கிரம் வைத்தாலும் தாமதமாக வைத்தாலும் அவர் அவளைப் பார்த்த அதே பார்வை.

"என்ன அவசரம்? நான் தலையை ஆட்டினதும் அடிச்சாப் போதாதா?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "சரி" என்றார். அதன் பிறகு அவள் தலையை ஆட்டின பிறகுதான் அடித்தார்.

மரம் இரண்டாக விழுந்தது. இரண்டு பக்கத்து வெட்டும் சரியாகச் சேராமல் நடுவில் ஒரு விரற்கடை படி விழுந்திருந்தது. டீச்சரம்மா பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, "அட, நீயா அறுத்த?" என்று அவளைக் கேட்டார். அவள் அவரைப் பார்த்தாள். அவர் குனிந்து அந்தப் படியைக் கையால் தடவிக்கொண்டிருந்தார்.

கடை வரைக்கும் பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஊர் பார்க்க மிஷினைப் பிடித்ததும் இல்லாமல், ஆம்பளையை அந்தப் பார்வை வேறு பார்க்க வேண்டுமா? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதா உனக்கு? இனிமேல் கடையில் அவர் எதைக் காட்டினாலும் தலையை ஆட்டுவது என்று முடிவு செய்துகொண்டாள். இருபத்தைந்து என்று மறுபடி ஆரம்பித்தாலும் சரி.

கடைக்காரர் பெரிய மீசைக்காரர். சுவர் முழுக்க மிஷின்கள் மாட்டியிருந்தன. பெட்ரோல் வாசனை.

"என்ன மரம் அறுப்பீங்க? எவ்வளவு தடிமன்? விட்டு விட்டு ஓடுமா, நாள் முழுக்க ஓடுமா?"

"எல்லா மரமும். ஒரு சாண், ஒண்ணரைச் சாண். எப்பவாவது மூணு சாண் வரும், அதை ரெண்டு பக்கமும் நின்னு அறுத்துக்கலாம்" என்றார் மரக்காரர். அவள் சொன்ன பேச்சையே அட்சரம் பிசகாமல் சொன்னார். "பாதி நாள் ஓடும்."

"அப்ப இது" என்று கடைக்காரர் ஒன்றை இறக்கினார். "இந்த இன்ஜினுக்குப் பதினாறும் போடலாம், பதினெட்டும் போடலாம். இருபது போட்டாலும் ஓடும், மூச்சு வாங்கும்."

"பதினாறு."

"பதினெட்டு போட்டா நின்னு அறுக்க வசதி."

"பதினாறு" என்றார் மறுபடி. மிஷினை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் பிடி." அவள் பிடித்துக்கொண்டாள். "கைப்பிடிக்கு அடியில ஸ்பிரிங் இருக்கா?"

"இருக்கு. அதிர்வு கைக்கு ஏறாது. பழைய மிஷின் மாதிரி இல்ல."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. கைக்கு ஏறவே கூடாது. எனக்கு அதுதான் முக்கியம். இதை விட நல்லா ஸ்பிரிங் வச்சது இருந்தா அதை எடுங்க, கனம் இதை விடக் கம்மியா இருக்கணும்."

கடைக்காரர் வேறொன்றை இறக்கினார். அதையும் அவளிடமே கொடுத்தார் மரக்காரர். "முன்னால இழுக்குதா?" என்று கேட்டார். "இல்ல" என்றாள். இனிமேல் ஸ்பிரிங் பார்த்து என்ன பிரயோஜனம் என்று நினைத்தாள். போன கை போனதுதான். ஸ்பிரிங் வைத்த மிஷின் வாங்கினால் திரும்பி வந்துவிடுமா? இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது? மூன்றாம் மனுஷர் முன்னால் எப்படிச் சொல்வது? வீட்டில் அவ்வளவு நீளுகிற நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"பிரேக் எட்டுதா பாரு. மிஷின் துள்ளினா மணிக்கட்டு அதுல இடிக்கணும்" என்றார்.

"எட்டுது."

"அப்ப இதையே போடுங்க."

கடைக்காரர் பெட்டியை எடுத்து வைத்து, செயினும் பாரும் அரமும் உள்ளே அடுக்கினார். "மிஷினோட கையுறை ஒரு ஜோடி தர்றோம்" என்று மேசை இழுப்பறையைத் திறந்தார். "உங்களுக்குப் பெரிய சைஸா, நடுத்தரமா? கையைக் காட்டுங்க."

மரக்காரர் தன் கையைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை. இன்னொரு கையால் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, இழுத்து, மேசைமேல் விரித்து வைத்தார்.

"இந்தக் கைக்குப் பாருங்க" என்றார்.

கடைக்காரர் ஒரு நிமிஷம் இருவரையும் பார்த்தார். பிறகு குனிந்து சின்ன சைஸ் இருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார். அவளுக்குக் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. கடையில் வைத்து அழக் கூடாது என்று சுவரிலிருந்த மிஷின்களைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க?" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"நீ தலையை ஆட்டினதும் அடிக்கிறேன். நீதானே சொன்ன."

"ஏதோ வாய் தவறி..."

"வாய் தவறினதுன்னு உனக்கு ஒண்ணு உண்டா?"

கடைக்காரர் தூசி தட்டி ஒரு ஜோடியைக் கொண்டுவந்து வைத்தார். அவள் மாட்டிக்கொண்டாள். தோல் விறைப்பாக இருந்தது.

"நுனி வரைக்கும் விரல் போகுதா?" என்று கேட்டார் மரக்காரர்.

"போகுது."

"ஒவ்வொண்ணா மடக்கிப் பாரு."

மடக்கினாள். கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று ஒவ்வொன்றாக மடக்கி, திருப்பி நீட்டினாள். இரண்டு கையிலும் எல்லா விரலும் மடங்கி நிமிர்கிற வரைக்கும் அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.